கீழ்த்தொட்டியில் பூச்சி வளர்த்தவர்

முதல் நாள் நான் அந்த வீட்டுக்குள் போனபோது அவர் கூடத்துத் தரையில் குப்புறப் படுத்து, ஒரு மர அலமாரிக்குள் இரண்டு கைகளையும் விட்டிருந்தார். இடது கை ஒரு கண்ணாடித் துண்டை நிமிர்த்திப் பிடித்திருந்தது. வலது கையில் பசைத் துப்பாக்கி. கண்ணாடி சேரும் மூலையில் பசையை மேலிருந்து கீழே ஒரே இழுப்பாக விட்டார். பிறகு துப்பாக்கியைக் கீழே வைத்து, விரல் நுனியைச் சோப்புத் தண்ணீரில் தொட்டு, அந்தக் கோட்டை நீவிவிட்டார். ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல நேராக இருந்தது. முழங்கைக்குக் கீழே அந்தக் கைகளில் ஒரு முடிகூட இல்லை.

"உள்ள வாங்க சிஸ்டர். என்னால எழுந்திரிக்க முடியாது. விட்டா கண்ணாடி சாஞ்சிடும்," என்றார் தலையைத் திருப்பாமல்.

"நோயாளி நான். இந்தப் பக்கம் இருக்கேன்," என்றது கட்டிலிலிருந்து ஒரு குரல். "அவர் கிடக்கிற கோலத்தைப் பார்த்துட்டு அவருக்கு பிரஷர் பார்த்துடாதீங்க அக்கா."

அவருடைய மனைவி. பஸ் டிப்போவில் வண்டிகளுக்கு நேரம் குறித்து அனுப்பும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை முடிந்து பத்து நாள் ஆகியிருந்தது. பகலில் அவரைப் பார்த்துக்கொள்ள மூன்று மாதத்துக்கு என்னை ஏற்பாடு செய்திருந்தார்கள்.

கணவரை எனக்கு முன்பே தெரியும். நான் வார்டு உதவியாளராக இருந்த ஆஸ்பத்திரியில் அவர் கருவிகளைக் கிருமி நீக்கும் அறையில் முப்பத்தோரு வருடம் இருந்தார். அடித்தளத்தில், வெளிச்சம் வராத அறை. ரத்தம் பட்ட கத்தரிகளும் இடுக்கிகளும் ஒரு சின்னக் கதவு வழியாக உள்ளே போகும். கொதித்து, காய்ந்து, துணியில் பொட்டலமாகி இன்னொரு சின்னக் கதவு வழியாக வெளியே வரும். முடி உதிர்ந்த கைகள் அந்த நீராவியின் வேலை. நாங்கள் அவரை 'ஆவி' என்று கூப்பிடுவோம். அவருக்கும் அது தெரியும். அத்தனை வருடத்தில் உயிருள்ள ஒன்றும் அவர் கையைத் தாண்டிப் போனதில்லை. போகவிடாமல் இருப்பதற்குத்தான் சம்பளம்.

ஓய்வு பெற்ற பிறகு, கூடத்துச் சுவரோரமாக நாலடி நீளத்தில் ஒரு உப்புத் தண்ணீர்த் தொட்டி வைத்திருந்தார். அடியில் மர அலமாரி. அலமாரிக்குள் இன்னொரு தொட்டி. மேலே இருந்து வழியும் தண்ணீர் கீழே வந்து, சுத்தமாகி, பம்பு வழியாக மறுபடி மேலே போகும். மேல் தொட்டியில் பாறைகள், இரண்டு ஆரஞ்சு மீன்கள், ஒரு இறால். அவற்றோடு விரல் நீளத்தில் இன்னொரு மீன்.

அந்த மீனை மாண்டரின் என்றார். நீல உடம்பில் ஆரஞ்சும் பச்சையும் வளைந்து வளைந்து ஓடும், கண் சிவப்பாக இருக்கும். நீந்துவதைவிடப் பாறைமேல் நடப்பது அதிகம். மனைவி அதற்கு 'மாப்பிள்ளை' என்று பெயர் வைத்திருந்தார்.

"உடுப்பைப் பாருங்க அக்கா. இத்தனை ஜரிகை போட்டுக்கிட்டு, எதை வெச்சாலும் முகத்தைத் திருப்பிக்கிறார். மாப்பிள்ளை இல்லாம வேற யார் இப்படிப் பண்ணுவாங்க?"

மீன் வளர்ப்பு எனக்குத் தெரியாது. சாப்பிடாத உடம்பு எப்படி இருக்கும் என்று தெரியும். தலைக்குப் பின்னால் வயிறு உள்வாங்கியிருந்தது. பக்கவாட்டில் பென்சில் வைத்து அழுத்தியதுபோல ஒரு பள்ளம்.

"எத்தனை நாளா சார்?"

"இருபத்திரண்டு நாள். குருணைத் தீனி போட்டேன், உறைய வெச்ச இறால் போட்டேன், பூண்டுச் சாறுல நனைச்சுக்கூடப் போட்டேன். முகர்ந்து பார்த்துட்டுப் போயிடுது."

"வாங்கும்போது கடைக்காரர் ஒண்ணும் சொல்லலையா?"

"சொன்னார்," என்றார் மனைவி. "பாறையில ஊர்ற பொடிப் பூச்சியை மட்டும்தான் திங்கும், உங்க தொட்டி புதுசு, அதுல அவ்வளவு பூச்சி இருக்காது, வேண்டாம் சார்னு சொன்னார். இவர், பழக்கிடலாம்னு வாங்கிட்டு வந்தார். முப்பத்தஞ்சு வருஷமா என்னைப் பழக்க முடியல. மீனைப் பழக்கறாராம்."

"இப்படியே விட்டா ஒரு மாசம், ஒண்ணரை மாசம். அதுக்கு மேல தாங்காது," என்றேன். நோயாளி வீட்டில் இதை வளைத்துச் சொல்வதில் பயனில்லை.

"தெரியும் சிஸ்டர். அதுக்குத்தான் இந்தத் தடுப்பு."

அவர் ஒட்டிக்கொண்டிருந்த கண்ணாடி அதற்குத்தான். கீழ்த்தொட்டியில் ஒரு பகுதியைத் தடுத்துத் தனி அறை ஆக்குவது. அதில் சேறு, உடைந்த பாறைத் துண்டு, ஒருவகைக் கடற்பாசி. தண்ணீர் அந்த அறைக்குள் மெதுவாகப் போய் வர வேண்டும். மீன் எதுவும் உள்ளே வர முடியாததால் பூச்சிகள் பயமில்லாமல் பெருகும். பெருகியவற்றில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரோடு மேலே போகும். மீன் தின்னும். இதை ரெஃபூஜியம் என்பார்களாம். மனைவி அதைக் 'கீழ் வீடு' என்றார். அதுவே நிலைத்துவிட்டது.

"இது செத்துச்சுன்னா மொத்தத்தையும் கழட்டிக் கொடுத்துடுவேன்," என்றார் அவர், கையைத் துடைத்துக்கொண்டே. "உயிரோட இருக்கிறது எதுவும் என் கைக்கு ஒத்து வராதுன்னு எடுத்துக்குவேன்."

"அப்ப நான்?" என்றார் மனைவி.

"நீ இப்போதைக்கு சிஸ்டர் பொறுப்பு."

பசை காய இரண்டு நாள் விட்டார். மூன்றாம் நாள் கடையிலிருந்து இரண்டு பைகள் வந்தன. ஒன்றில் கரும்பழுப்புச் சேறு. இன்னொன்றில் பாசி: பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரைப் பந்தாகச் சுருட்டியதுபோல, தண்ணீரில் ஊறிக்கொண்டு. பையைப் பிரித்ததும் அழுகலுக்கும் உப்புக்கும் நடுவில் ஒரு வாடை. தண்ணீரில் பழுப்புத் தூசி சுற்றியது. ஏதோ நெளிந்தது.

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

"அப்படியேவா போடறது?" என்றார்.

"எங்க கிடந்து வந்ததோ," என்றேன்.

அவ்வளவுதான் பேச்சு. நான் பாசியைச் சல்லடையில் கொட்டி, குழாயைத் திறந்துவிட்டு, கீரை அலசுவதுபோல மூன்று தண்ணீரில் அலசினேன். கடைசி அலசலுக்கு அவர் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர் கொண்டுவந்தார். சேற்றை பிரஷர் குக்கரில் போட்டு நாலு விசில் விட்டார். வாடை தெருவரை போனது.

"இன்னிக்கு மதியம் சேறா?" என்று கட்டிலிலிருந்து கேள்வி வந்தது. "எனக்குக் காரம் கம்மியா போடச் சொல்லுங்க."

மாலைக்குள் கீழ் வீடு தயார். சேறு நாலு விரல் உயரம், அதன்மேல் பாசிப் பந்து, மேலே ஒரு சின்ன விளக்கு. மேல் தொட்டி விளக்கு அணையும்போது கீழ் விளக்கு எரிய வேண்டும். அந்த நேரக் கணக்கை மனைவி ஏற்றுக்கொண்டார். எல்லாம் பார்க்க நன்றாக இருந்தது. எனக்கும் திருப்தி.

மூன்று வாரம் போனது. பாசி வளர்ந்தது. தண்ணீரைச் சோதித்தால் அழுக்கு உப்புகள் குறைந்திருந்தன. தினமும் காலை பதினொரு மணிக்கு, கீழே விளக்கு அணைந்திருக்கும் நேரத்தில், அவர் டார்ச் அடித்துக் கண்ணாடியைப் பார்ப்பார். பூச்சிகள் வெள்ளைப் புள்ளியாகக் கண்ணாடியில் ஊரும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். ஒரு புள்ளி இல்லை. மேலே மீனின் பள்ளம் ஆழமாகிக்கொண்டே போனது. பாறைமேல் நடந்துகொண்டிருந்தது இப்போது பாதி நேரம் ஓரிடத்தில் உட்கார்ந்திருந்தது.

இதற்குள் மனைவி வாக்கரைப் பிடித்துக் கட்டிலிலிருந்து சமையலறை வாசல்வரை நடக்கத் தொடங்கியிருந்தார். அவருடைய தையல் ஆறியதை நான் சொன்னால் இவர் "நல்லது" என்பார். கண் தொட்டியில் இருக்கும்.

தொட்டிக்கு உப்பு மூட்டை கொண்டுவந்த மீன் கடைக்காரர் அலமாரிக்கு முன் குந்தி உட்கார்ந்தார். டார்ச்சை வாங்கி அடித்தார். சட்டைப் பையிலிருந்து பூதக்கண்ணாடி எடுத்து வைத்துப் பார்த்தார். பாசியில் ஒரு கொத்தைப் பிரித்தும் பார்த்தார்.

"சார், ஆஸ்பத்திரி மாதிரி வெச்சிருக்கீங்க."

"நன்றி," என்றார் இவர்.

"பாராட்டல சார். இதுக்குள்ள ஒரு உயிர்கூட இல்ல. கழுவுனீங்களா?"

பதில் மனைவி உட்கார்ந்திருந்த நாற்காலியிலிருந்து வந்தது. "மூணு தண்ணி. கடைசியில கொதிச்சு ஆறினது. சேறு நாலு விசில்."

கடைக்காரர் தரையில் உட்கார்ந்தே விட்டார். தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். "நான் உங்களுக்குக் கொடுத்தது பாசி இல்ல சார், பூச்சி. அந்த நார் அதுங்களுக்கு வீடு. நீங்க குடியிருந்தவங்களை எல்லாம் அடிச்சு விரட்டிட்டு, காலி வீட்டுக்கு விளக்கேத்தி வெச்சிருக்கீங்க."

"கழுவினது நான்," என்றேன்.

"சொன்னது நான்," என்றார் இவர்.

"நல்லா இருக்கு. பங்கு போட்டுக்குங்க," என்றார் மனைவி.

வேறு பாசியும் சேறும் தருவதாகக் கடைக்காரர் சொன்னார். பூச்சி பெருக எவ்வளவு நாளாகும் என்று கேட்டேன். குறைந்தது ஒரு மாதம். மேலே பார்த்தேன். ஒரு மாதம் அந்த மீனிடம் இல்லை. இவருக்கும் அது தெரிந்தது. எழுந்து போய் வலையை எடுத்துக்கொண்டு வந்தார்.

"நீங்களே கொண்டு போயிடுங்க. என்கிட்ட இருந்தா செத்துடும்."

"என் கடைக்கு வந்தா மட்டும் பிழைச்சிடுமா? அங்கயும் அதே பட்டினிதான்," என்றார் கடைக்காரர்.

"வலையை வைங்க சார்," என்றேன். "வார்டுல ஒருத்தர் வாயால சாப்பிடலைன்னா வீட்டுக்கா அனுப்பறோம்? குழாய் போடறோம். அந்தப் பூச்சி தனியா கிடைக்குமா?"

பாட்டிலில் கிடைக்கும், ஆனால் தொட்டியில் ஊற்றினால் ஆரஞ்சு மீன்கள் ஒரே நிமிடத்தில் தின்று தீர்த்துவிடும் என்றார் கடைக்காரர். அப்படியானால் தொட்டிக்குள் தனி அறையில் பரிமாற வேண்டும். ஒரு பிளாஸ்டிக் ஜாம் பாட்டிலைக் கழுவிக் கொடுத்தேன். இவர் மூடியில் மாண்டரின் நுழையும் அளவுக்கு மட்டும் ஒரு துளை போட்டு, விளிம்பு உடம்பில் படாதபடி அரத்தால் ராவினார். பாட்டிலின் பின்பக்கம் இன்னொரு சின்னத் துளை போட்டு, அதில் என் பையில் இருந்த, நோயாளிக்கு உணவு செலுத்தும் புதுக் குழாயைப் பொருத்தினார். குழாயின் மறுமுனை தொட்டிக்கு வெளியே, ஐம்பது மில்லி சிரிஞ்சில். பாட்டிலைப் பாறை இடுக்கில் படுக்கவைத்தோம்.

ஒரு நாளைக்கு ஐந்து வேளை. முதலில் பம்பை நிறுத்த வேண்டும், பிறகு சிரிஞ்சை மெதுவாக அழுத்த வேண்டும், இருபது நிமிடம் கழித்துப் பம்பைப் போட வேண்டும். நேரத்துக்கு மனைவி. டிப்போ குரல் போகவே இல்லை.

"பத்தரை வண்டி கிளம்புது! பம்பை நிறுத்துங்க! யாருங்க அது, இன்னும் சிரிஞ்சைத் தேடிக்கிட்டு?"

முதல் நாள் மீன் பாட்டிலைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனது. இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள், இரண்டரை மணிக்கு, துளை வாசலில் நின்று கண்ணை உருட்டிவிட்டு உள்ளே போனது. ஒரு கொத்து. பிறகு இன்னொன்று. அவர் சிரிஞ்சைப் பிடித்தபடி அசையாமல் இருந்தார். நான் மூச்சு எண்ணுவதுபோல எண்ணினேன். நிமிடத்துக்கு ஒன்பது.

"மாப்பிள்ளை பந்தியில உட்கார்ந்துட்டார்," என்றார் மனைவி, மெதுவாக. மீன் பயந்துவிடக் கூடாதாம்.

இரண்டாவது பாசி அதே வாரம் வந்தது. அதே வாடை, அதே பழுப்புத் தண்ணீர். பைத் தண்ணீரோடு சேர்த்து அப்படியே கொட்டுங்கள் என்பது கடைக்காரரின் கட்டளை. இவர் அலமாரிக்கு முன் பையைப் பிடித்துக்கொண்டு நின்றார். முடிச்சை அவிழ்க்கக் கை வரவில்லை. நான் அவிழ்த்துக் கொடுத்திருக்கலாம். எனக்கும் மனம் வரவில்லை. திரும்பி நின்று போர்வையை மடித்தேன். 'சளக்' என்று சத்தம் கேட்டது. அப்புறம் குளியலறையில் ஐந்து நிமிடம் குழாய் ஓடியது. முழங்கைவரை கழுவிக்கொண்டு வந்தார்.

அன்றிலிருந்து கீழ் வீட்டில் யாரும் கை வைக்கக் கூடாது என்று மனைவி தடை போட்டார். கணவருக்கு அது பெரிய தண்டனை. சேற்றின்மேல் பழுப்புப் படலம் வந்தது. கண்ணாடியில் பச்சை பிடித்தது. ஒரு துணியை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போவார்.

"கை!" என்று நாற்காலியிலிருந்து சத்தம் வரும்.

"சும்மா ஓரத்தை மட்டும்..."

"ஓரத்துலதான் அதுங்க குடும்பம் நடத்துதாம். உங்களை அங்க யாரும் கூப்பிடல."

துணியை மடித்து வைத்துவிட்டு ஏற்கெனவே சுத்தமாக இருந்த அடுப்பைத் துடைப்பார்.

பாசி கொட்டிய பதினெட்டாம் நாள் காலை டார்ச் அடித்தவர் என்னைக் கூப்பிட்டார். கண்ணாடியில் உப்புத் தூளைவிடச் சின்னதாக வெள்ளைப் புள்ளிகள். ஒன்று வெட்டி இழுத்ததுபோலத் தாவி வேறு இடத்தில் உட்கார்ந்தது. அவர் கண்ணாடியின் வெளிப்புறம் மார்க்கரால் ஒரு அங்குலச் சதுரம் வரைந்து, தினமும் அதற்குள் எண்ணி ஒரு நோட்டில் குறித்தார். நாலு, ஒன்பது, இருபது. பிறகு ஒருநாள் 'எண்ண முடியவில்லை' என்று எழுதியிருந்தார். முப்பத்தோரு வருடம் இடுக்கிகளை எண்ணி அனுப்பிய மனிதர்.

மேலே மீனின் பள்ளம் கொஞ்சம் தூர்ந்திருந்தது. ஆனால் அது பாட்டில் சாப்பாட்டாலா, தானாகத் தேடித் தின்றதாலா என்று யாருக்கும் தெரியாது. அந்த நேரத்தில் கடைக்காரர் போன் செய்தார். பூச்சி பாட்டில் அனுப்புகிற இடத்தில் ஏதோ தடங்கல். இனி ஒன்றரை மாதத்துக்கு வராது. எங்களிடம் இரண்டு பாட்டில் மீதி இருந்தது.

அவர் முகம் விழுந்துவிட்டது. "அரை அரையா கொடுத்தா எத்தனை நாள் வரும்?" என்று கணக்குப் போட ஆரம்பித்தார்.

"அப்படிச் செய்யக் கூடாது சார். கையில ரெண்டு பாட்டில் இருக்கும்போதே குழாயை நிறுத்திப் பார்த்துடணும். ஒரு நாள் முழுக்க. தானா சாப்பிட்டா சரி. சாப்பிடலைன்னா மறுபடி கொடுக்க நம்மகிட்ட சரக்கு இருக்கு. எல்லாம் தீர்ந்த பிறகு பார்த்தா, பார்க்கிறதோட சரி."

"ஒரு நாள் பட்டினி தாங்குமா?"

"முன்னே தாங்கியிருக்காது. இப்ப தாங்கும்."

மறுநாள் எட்டு மணிக்கு ஜாம் பாட்டிலை எடுத்துவிட்டோம். எட்டரை வண்டி கிளம்பவில்லை. மீன் வழக்கமான நேரத்துக்கு அந்தப் பாறை இடுக்குக்கு வந்தது. பாட்டில் இருந்த இடத்தைச் சுற்றியது. நின்றது. மறுபடி சுற்றியது.

"ஓட்டலை மூடிட்டாங்கன்னு வாசல்ல நிக்குது பாருங்க," என்றார் மனைவி. யாரும் சிரிக்கவில்லை, அவரும்.

அவர் ஒரு ஸ்டூலைப் போட்டுத் தொட்டிக்கு எதிரில் உட்கார்ந்தார். ஒன்பதரை ஆனது. பத்தானது. மீன் அங்கேயே கிடந்தது. நான் மனைவியை நடத்திக்கொண்டு போய் வந்தேன், கால் பயிற்சி முடித்தேன், மாத்திரை கொடுத்தேன். அவர் ஸ்டூலிலிருந்து எழுந்திருக்கவில்லை. சிரிஞ்சை எடுத்து மடியில் வைத்திருந்தார். நான் அதை வாங்கி அலமாரியின் மேல் வைத்தேன்.

பத்தே முக்காலுக்கு மீன் இடுக்கை விட்டு இறங்கியது. பாறையின் இடப்பக்கத்தில் நடந்தது. நின்று, தலையைச் சாய்த்து ஒரு இடத்தை உற்றுப் பார்த்தது. கொத்தியது. இரண்டு எட்டு நடந்தது. மறுபடி கொத்தியது.

"வெறும் பாறையைக் கொத்துதா?" என்றார் அவர்.

"மணி என்னம்மா?" என்று மனைவியைக் கேட்டேன். அவர் நேரம் சொல்ல, நான் எண்ணினேன். முதல் ஐந்து நிமிடத்தில் பதினாறு. மதியம் அதே ஐந்து நிமிடத்தில் இருபத்தெட்டு. நாலு மணிக்கு முப்பத்தொன்று. வெறும் பாறையை எந்த உடம்பும் நாள் முழுக்கக் கொத்தாது.

நான் கிளம்பும்போது அவர் வாசல்வரை வந்தார். "போதுமா சிஸ்டர்?"

"காலையில வயிறைப் பார்த்துச் சொல்றேன். இப்ப நீங்க சாப்பிடுங்க. மதியம் தட்டுல கை வெச்சதோட சரி."

மறுநாள் எட்டு மணிக்குப் போனேன். பையைக்கூட இறக்காமல் தொட்டியைப் பார்த்தேன். மீன் முன்கண்ணாடி ஓரம் மணலைக் கொத்திக்கொண்டிருந்தது. வயிறு உள்வாங்கவில்லை. தலையிலிருந்து வால்வரை கோடு நேராக இருந்தது.

"குழாய் வேண்டாம்," என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு அலமாரிக் கதவைத் திறந்தார். பாசிப் பந்து கீழ் வீட்டை அடைத்துக்கொண்டு வளர்ந்திருந்தது. பாதியை எடுக்க வேண்டிய நேரம். இரண்டு கைகளாலும் அள்ளி எடுத்தார். தொட்டித் தண்ணீர் நிரப்பிய வாளிக்குள், தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு கொத்தாக உதறினார். அதில் ஒட்டியிருந்தது எல்லாம் தண்ணீரில் இறங்கியது. தண்ணீர் பழுப்பானது. வாளி முழுக்கப் பொடிப் புள்ளிகள் துள்ளின. சட்டை நனைந்து, முழங்கைவரை சேறு.

உதறி முடித்ததும் எழுந்தார். பம்பை நிறுத்தினார். வாளியைத் தூக்கி, சேறும் பூச்சியுமாக, ஒரு சொட்டு வடிகட்டாமல், மேல் தொட்டியில் மெதுவாக ஊற்றினார்.

மனைவி வாக்கரை ஊன்றிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார். "மொத்தமும் கலங்கிப் போச்சே. மாப்பிள்ளையே தெரியல."

"தெளியும்," என்றார் அவர், வாளியின் அடியில் நின்றிருந்த கடைசித் தண்ணீரையும் ஊற்றிக்கொண்டே.